திருகோணமலையில் தொடங்கும் பேக்கர் வீதி: ஷெர்லொக் ஹோம்ஸின் இடங்களைப் பார்க்கப் பயணம் திட்டமிடுவது எப்படி

ஆர்தர் கொனன் டொயில் படைத்த துப்பறிவாளர் ஷெர்லொக் ஹோம்ஸை விரும்பிப் படிக்கும் யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவருக்கு அவர் நடமாடிய இடங்களை ஒருமுறை பார்த்துவர வேண்டும் என்ற ஆசை எழுந்தால், அவர் முதலில் விசாரிப்பது லண்டனுக்கான விமானச்சீட்டின் விலையாகத்தான் இருக்கும். விலையைக் கேட்டதும் ஆசை மீண்டும் புத்தக அலுமாரிக்குள் போய்விடும். இந்தப் பயணத்தின் முதல் தரிப்புக்குக் கடவுச்சீட்டே தேவையில்லை என்பதைச் சொல்லித்தான் நான் தொடங்க விரும்புகிறேன். யாழ்ப்பாண மத்திய பேருந்து நிலையத்தில் அதிகாலையில் திருகோணமலைப் பேருந்தில் ஏறி, வவுனியாவில் ஒரு தேநீர் குடித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்பின்னாகப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

1891ஆம் ஆண்டு ஜூலை மாதத்து ஸ்ட்ராண்ட் சஞ்சிகையில் வெளியான ‘பொஹீமியாவில் ஓர் அவதூறு’ என்ற சிறுகதையின் தொடக்கத்தில், திருமணமாகித் தனிக்குடித்தனம் போய்விட்ட கதைசொல்லி டொக்டர் வொட்சன், தம் பழைய நண்பரைப் பற்றிக் காதில் விழுந்த செய்திகளை ஒரே வாக்கியத்தில் அடுக்குகிறார். ட்ரெபோவ் கொலை வழக்குக்காக ஹோம்ஸ் ஒடெசாவுக்கு அழைக்கப்பட்டார். திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விசித்திரமான துயரத்தைத் துலக்கினார். ஒல்லாந்து அரச குடும்பத்துக்காக ஒரு காரியத்தை நுட்பமாக முடித்துக் கொடுத்தார். அட்கின்சன் சகோதரர்கள் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஆர்தர் கொனன் டொயில் பிறகு எங்கும் எழுதவில்லை. ஹோம்ஸ் திருகோணமலைக்கு வந்தார் என்றுகூட அந்த வாக்கியம் திட்டமாகச் சொல்லவில்லை. ஒடெசாவுக்கு ‘அழைப்பு’ என்று எழுதியவர் திருகோணமலைக்குத் ‘துலக்கியது’ என்று மட்டும் எழுதினார். லண்டனில் தம் வீடிருந்த பேக்கர் வீதியில் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே தந்திகளை வைத்துத் துலக்கியிருக்கவும் கூடும். இதை வைத்து நண்பர்களோடு ஒரு மாலைப் பொழுது முழுவதும் வாதிடலாம். நானோ வந்தார் என்ற கட்சியைச் சேர்ந்தவன், அதற்கு ஊர்ப்பற்றைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

கதையிலிருந்து தொடங்குங்கள், வரைபடத்திலிருந்து அல்ல

பயண முகவர் ஒருவர் எனக்கு ஒருமுறை பதினொரு இடங்கள் கொண்ட ‘ஹோம்ஸ் சுற்றுலா’ ஒன்றை எழுதித் தந்தார். அதில் எந்த இடம் எந்தக் கதையில் வருகிறது என்ற குறிப்பு ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட பட்டியலோடு போனால் பதினொரு கட்டடங்களின் முன்னால் நின்று பதினொரு படம் எடுக்கலாம், மனதில் எதுவும் தங்காது. ஹோம்ஸ் தோன்றும் நூல்கள் நான்கு நாவல்களும் 56 சிறுகதைகளும். அவற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்த இரண்டை அல்லது மூன்றை மட்டும் தெரிவு செய்து, பென்சிலும் கொப்பியுமாக உட்கார்ந்து மீண்டும் ஒருமுறை படியுங்கள். டொயில் 1930இல் காலமாகிவிட்டதால் இக்கதைகளின் பதிப்புரிமை முடிந்துவிட்டது. மூலத்தை இணையத்தில் முறையாகவே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பழைய தமிழ் மொழிபெயர்ப்புகளையும் சுருக்கங்களையும் இந்த வேலைக்கு மட்டும் நம்ப வேண்டாம், ஏனெனில் வீதிப் பெயர்களைத்தான் அவை முதலில் வெட்டிவிடுகின்றன.

படிக்கும்போது வரும் ஒவ்வோர் இடப்பெயரையும், அது வரும் வாக்கியத்தையும், அந்தக் காட்சி நடக்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் பார்த்து மூன்று கேள்விகளில் எதற்கு அது விடை என்று பாருங்கள்: கதையிலும் நிலத்திலும் இருக்கிறதா, கதையில் மட்டும் இருக்கிறதா, அல்லது கதையைப் படித்தவர்கள் பிற்காலத்தில் நிலத்தில் கொண்டுவந்து வைத்ததா? மூன்றுமே பார்க்கத் தகுந்தவைதாம். ஆனால் ஒன்றை மற்றொன்றென்று எண்ணிப் போனால்தான் ஏமாற்றம்.

மேலே சொன்ன கதையையே எடுத்துக்கொள்வோம். அதில் ஐரீன் அட்லர் குடியிருக்கும் வீடு செயின்ட் ஜோன்ஸ் வுட்டில், சர்ப்பன்டைன் அவெனியூவில் இருப்பதாக வருகிறது. செயின்ட் ஜோன்ஸ் வுட் உண்மையான பகுதி, அங்கே அப்படி ஒரு வீதி இல்லை. அவர் திருமணம் செய்துகொள்ளும் புனித மொனிக்கா தேவாலயம் எட்ஜ்வெயார் வீதியில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. எட்ஜ்வெயார் வீதி உண்மை, தேவாலயம் கற்பனை. டொயிலின் கைப்பழக்கமே இதுதான்: வண்டிக்காரன் வழி கேட்காமல் போகக்கூடிய உண்மையான வீதி வரை நம்மைக் கூட்டிச் சென்று, கடைசித் திருப்பத்தில் கற்பனைக்குள் இறக்கிவிடுவார். ஆகவே உங்கள் பயணத் திட்டத்திலும் கடைசிக் கதவைத் தேடி அலையாமல், அந்தத் திருப்பம் வரை போவதற்கு நேரம் ஒதுக்கினால் போதும்.

பேக்கர் வீதியில் ஹோம்ஸின் வீட்டுக்கு டொயில் கொடுத்த 221பி என்ற இலக்கத்தின் கதையும் இதே வகைதான். டொயில் எழுதிய காலத்தில் பேக்கர் வீதியின் இலக்கங்கள் நூறைக்கூட எட்டவில்லை. 221 என்ற வீடே அங்கே இருக்கவில்லை. 1930களில் வடக்குப் பக்கத்து வீதியையும் சேர்த்து இலக்கங்களை மாற்றியபோது, ஒரு வீட்டுக் கடன் சங்கத்தின் பெரிய அலுவலகம் அந்த இலக்கத்துக்குள் வந்துவிட்டது. உலகெங்குமிருந்து ஹோம்ஸுக்கு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதவென்றே அவர்கள் ஒரு செயலாளரைப் பல்லாண்டுகள் வைத்திருந்தார்கள். இப்போது 221பி என்ற பலகையைத் தாங்கி நிற்கும் அருங்காட்சியகம் 1990இல் திறக்கப்பட்டது. வீதி வரிசைப்படி அது 237க்கும் 241க்கும் நடுவே இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு அந்தப் பலகையே ஒரு நல்ல வேடிக்கை.

முதல் தரிப்பு: திருகோணமலை

கதை ஓர் ஊரின் பெயரை மட்டும் தந்துவிட்டு விலகிக்கொண்டால், 1880களில் அங்கே வந்திறங்கும் வெளியூரார் ஒருவர் எங்கெல்லாம் போயிருப்பார் என்று யோசித்துத் திட்டமிடுவதே வழி. ஆங்கிலேயர் 1795இல் கைப்பற்றிய திருகோணமலை, 1957 வரை அவர்களுடைய கடற்படைக்குத் தளமாக இருந்தது. லண்டனில் சஞ்சிகை வாங்கிப் படித்தவர்களுக்கு இலங்கையில் தெரிந்த ஊர்ப்பெயர்களில் இது ஒன்றாக இருந்ததற்கு அந்தத் துறைமுகமே காரணம். எனவே நாளைத் துறைமுகத்தைப் பார்த்தபடி தொடங்குங்கள். கடற்படையின் வளவுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது, படமெடுப்பதிலும் கட்டுப்பாடு உண்டு. உள்துறைமுகத்தை வெளிவீதியிலிருந்து பார்ப்பதே போதுமானது.

அடுத்தது பிரெட்ரிக் கோட்டை. கோணேசர் கோவிலுக்குப் போகும் எல்லோரும் அதன் வாசலால்தான் போகிறார்கள், ஆனால் அந்த வாசலை நின்று பார்ப்பவர் குறைவு. போர்த்துக்கேயர் கோவிலை இடித்துக் கட்டிய கோட்டை, ஒல்லாந்தர் கைக்கும் பிறகு ஆங்கிலேயர் கைக்கும் போனது. இன்றும் உள்ளே இராணுவம் இருக்கிறது, புள்ளிமான்கள் கூச்சமின்றித் திரிகின்றன. மலையுச்சியில், கோவிலுக்குப் பக்கத்தில், கடல் நேர் கீழே தெரியும் இடத்தில் கதையின் முதல் இரண்டு பக்கங்களைப் படியுங்கள். இரண்டு சகோதரர்களுக்கு நேரக்கூடிய ‘விசித்திரமான துயரம்’ என்னவாக இருக்கும் என்று யோசிக்க அந்தச் செங்குத்துப் பாறையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

நேரம் இருந்தால் நகரத்துப் பழைய ஆங்கிலேயர் மயானத்தையும் பாருங்கள். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பியும் கடற்படைத் தளபதியுமான சார்ல்ஸ் ஒஸ்டின் 1852இல் பர்மாவில் இறந்து இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். அட்கின்சன் என்ற பெயரைக் கல்லறைகளில் தேடுவது சிறுபிள்ளைத்தனம்தான்; நானும் தேடினேன். ஒரு பகலுக்குள் இவ்வளவும் முடியும், ஆனால் அன்றே திரும்பினால் பேருந்திலேயே நாள் கழிந்துவிடும் என்பதால் ஓர் இரவு தங்குங்கள். வடகீழ்ப் பருவமழைக் காலமான ஒக்டோபர் முதல் ஜனவரி வரையைத் தவிர்த்து, சித்திரைக்குப் பின் போவது நல்லது.

கடதாசி வேலை

வெளிநாட்டுத் தரிப்புகளுக்கு வரும்போது நம்மில் பலர் செய்யும் பிழை, பிரித்தானிய வீசா ஒன்று இருந்தால் ஐரோப்பா முழுவதும் போகலாம் என்று எண்ணுவது. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு லண்டனுக்குப் பிரித்தானிய வருகையாளர் வீசாவும், சுவிற்சர்லாந்துக்குத் தனியே, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் வீசாவும் வேண்டும். பிரித்தானியாவுக்குப் பயணத் திகதிக்கு மூன்று மாதங்களுக்கு முன்னரும், ஷெங்கனுக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரும் விண்ணப்பம் ஏற்கத் தொடங்குவார்கள். ஷெங்கனுக்கு ஆகக் குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதி கட்டாயம். இரண்டு விண்ணப்பங்களுக்கும் கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டியிருப்பதால் ஒன்று கைக்கு வந்த பின்னரே மற்றையதைத் தொடங்க முடியும் என்று வைத்துக்கொண்டு, குறைந்தது நான்கு மாதங்களுக்கு முன் வேலையைத் தொடங்குங்கள். கட்டணங்களும் விதிகளும் மாறுவதால் விண்ணப்பிக்கும் கிழமையில் உத்தியோகபூர்வத் தளத்தையே பார்க்க வேண்டும், போன வருடம் போய்வந்த மச்சானின் பேச்சை அல்ல.

பயண நோக்கம் என்ற இடத்தில் உறவினரைப் பார்ப்பது என்றும் சுற்றுலா என்றும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நாள்வாரித் திட்டம் ஒன்றை இணைக்கும்போது மேலே சொன்ன கொப்பி கைகொடுக்கும்: எந்த நாளில், எந்த ஊரில், யார் வீட்டில் என்பது தெளிவாக இருக்கும் ஒரு தாள், பத்து வரிப் பொதுப்பேச்சைவிட மேல்.

லண்டன்: சபைக்கும் சாப்பாட்டுக்கும் இடையில்

யாழ்ப்பாணத்தார் லண்டனுக்குப் போவது பெரும்பாலும் ஒரு கலியாணத்துக்கோ சாமத்தியச் சடங்குக்கோதான். போன இடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாப்பாடு கடன். ஹோம்ஸுக்கென்று முழு நாட்களை ஒதுக்கினால் அண்ணைக்கும் மாமிக்கும் மனவருத்தம் வரும், அவர்களுக்கே எல்லா நாளையும் கொடுத்தால் உங்களுக்கு வரும். இதற்கு நான் கண்ட வழி, லண்டனை அரைநாள் துண்டுகளாக வெட்டுவது. இரண்டு அரைநாட்களில் முக்கியமானதெல்லாம் அடங்கிவிடும். அவற்றைத் திங்கள் முதல் வியாழன் வரையான காலை வேளைகளில் வையுங்கள், ஏனெனில் சடங்குகள் வார இறுதியில்தான் நடக்கும்.

தங்கும் வீடு வெம்பிளிப் பக்கம் என்றால் அதிர்ஷ்டம். வெம்பிளி பார்க்கில் மெற்றோபொலிட்டன் பாதையில் ஏறினால் ஃபின்ச்லி வீதிக்கு அடுத்த நிலையமே பேக்கர் வீதி. ஈஸ்ட்ஹாமிலிருந்து ஹமர்ஸ்மித் அன்ட் சிற்றி பாதையில் மாறாமல் வரலாம். ரூட்டிங்கிலிருந்து வருவோர் இடையில் ஓரிடத்தில் மாற வேண்டும். பேக்கர் வீதி நிலையத்தில் இறங்கியதும் அவசரப்பட்டு மேலே ஏறிவிடாதீர்கள். 1863 ஜனவரி 10ஆம் திகதி திறக்கப்பட்ட உலகின் முதல் நிலக்கீழ் ரயில்பாதையின் நிலையங்களில் இதுவும் ஒன்று. அந்தப் பழைய செங்கல் வளைவுகளின் கீழ்தான் ஹோம்ஸின் காலத்தில் நீராவி எஞ்சின் புகை கக்கிக்கொண்டு ஓடியது. பேக்கர்லூ பாதை மேடைகளின் சுவரில் ஹோம்ஸின் தலையுருவம் பதித்த ஓடுகளைப் பார்க்கலாம். வெளியே மெரில்போன் வீதியில் 1999இல் நிறுவிய உயரமான வெண்கலச் சிலை நிற்கிறது.

அருங்காட்சியகம் அங்கிருந்து சில நிமிட நடை. முன்பதிவு செய்து, திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். நான் முதன்முறை போனது ஓர் ஓகஸ்ட் சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. வரிசையில் ஒன்றேகால் மணித்தியாலம் நின்று உள்ளே நுழைந்தபோது, மாலையில் ஹரோவில் நடக்கும் சடங்குக்குப் புறப்பட வேண்டிய நேரமாகிவிட்டது. முதலாம் மாடியைப் பார்த்ததோடு இறங்கி ஓடினேன். இரண்டாம் முறைதான் ஒழுங்காகப் பார்த்தேன், அப்போது என் தம்பியின் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை, லண்டனிலேயே பிறந்தவள்.

“பெரியப்பா, ஹோம்ஸ் எண்டு ஒராள் இருக்கவே இல்லை எண்டு தெரிஞ்சும் ஏன் காசு குடுத்து வந்தனாங்கள்?” என்று படிக்கட்டின் அடியில் நின்று கேட்டாள்.

“படியை எண்ணிக்கொண்டு ஏறு, மேலை போய்ச் சொல்லுறன்” என்றேன்.

பதினேழு என்று வந்து சொன்னாள். அதே பொஹீமியக் கதையில், இந்தப் படிக்கட்டில் நூற்றுக்கணக்கான தடவை ஏறியும் எத்தனை படிகள் என்று வொட்சனுக்குத் தெரியாது. பதினேழு என்று ஹோம்ஸ் சொல்கிறார், பார்ப்பதற்கும் கவனிப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்க. அந்தப் பக்கத்தை மேல்மாடி அறையில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தன் பள்ளிக்கூடத்துப் படிகள் எத்தனை என்று தனக்குத் தெரியாது என்றாள். திருகோணமலையும் பதினேழு படிகளும் ஒரே கதையின் முதற்பக்கங்களில் அருகருகே கிடப்பதால், ஒரே ஒரு கதையை மட்டும் எடுத்துக்கொண்டு பயணம் போகிறவருக்கு இதைத்தான் சொல்வேன்.

அருங்காட்சியகத்திலிருந்து மெரில்போன் வீதி வழியே கிழக்கே நடந்து, டெவன்ஷயர் பிளேஸில் தெற்கே திரும்பினால் அப்பர் விம்போல் வீதி வரும். அங்கே 2ஆம் இலக்கக் கட்டடத்தில், 1891இல், டொயில் கண் மருத்துவராகத் தொழில் நடத்தினார்; அங்கே நினைவுப் பலகை உண்டு. நோயாளிகள் வராததால் கிடைத்த ஓய்வில் கதை எழுதினார் என்பது அவரே சொன்ன செய்தி. அங்கிருந்து நேர் தெற்கே விம்போல் வீதியில் இறங்கினால் விக்மோர் வீதி குறுக்கிடும். இந்த வீதியை எந்தச் சுற்றுலாப் பட்டியலும் சொல்லாது, ஆனால் யாழ்ப்பாணத்தார் தவறவிடக்கூடாது. 1890இல் வெளியான ‘நால்வரின் சின்னம்’ என்ற நாவலின் முதல் அத்தியாயத்தில், வொட்சன் அன்று காலை விக்மோர் வீதித் தபாற்கந்தோருக்குப் போய்வந்ததை ஹோம்ஸ் கண்டுபிடிப்பது அவருடைய சப்பாத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணைக் கொண்டு. அக்கந்தோருக்கு எதிரே நடைபாதையைக் கிண்டிப் போட்டிருந்தார்கள், அந்த நிறத்து மண் அக்கம்பக்கத்தில் வேறெங்கும் இல்லை.

உரும்பிராயிலோ கோப்பாயிலோ தோட்டத்தில் நின்றுவிட்டு வருபவரின் காற்சட்டை விளிம்பைப் பார்த்தாலே செம்பாட்டு மண் என்று நாம் சொல்லிவிடுவோம். மணற்காட்டிலிருந்து வருபவரின் செருப்பிலோ வெள்ளை மணல் ஒட்டியிருக்கும். ஹோம்ஸ் லண்டனின் ஒவ்வொரு பகுதிச் சேற்றையும் நிறத்தாலும் பதத்தாலும் பிரித்தறிவார் என்று முதல் நாவலில் வொட்சன் வியந்து எழுதும்போது எங்கள் ஊர்க் கிழவர்களுக்கு அது பெரிய வித்தையாகத் தெரியாது. புறப்படுவதற்கு முன் ஒருநாள் யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்தில் அரைமணித்தியாலம் நின்று, இறங்குபவர்களின் கால்களை மட்டும் பார்த்து எந்தப் பக்கத்துப் பேருந்தில் வந்தவர்கள் என்று ஊகித்துப் பழகுங்கள். விக்மோர் வீதியில் நிற்கும்போது அந்தப் பழக்கம் ஒரு சுவையைத் தரும்.

இரண்டாவது அரைநாளை ஃபரிங்டன் நிலையத்தில் தொடங்குங்கள். பேக்கர் வீதியிலிருந்து ஃபரிங்டன் வரையான பாதை 1863இன் அந்த முதற்பாதையேதான். ஸ்மித்ஃபீல்ட் சந்தையைத் தாண்டி நடந்தால் புனித பார்த்தலமேயு மருத்துவமனை, 1123இல் நிறுவப்பட்டது. 1887இல் வெளியான முதல் நாவலில் ஹோம்ஸும் வொட்சனும் முதன்முதலாகக் கைகுலுக்கியது இந்த மருத்துவமனையின் இரசாயன ஆய்வுகூடத்தில். இன்றும் நோயாளர் வந்துபோகும் இடம் என்பதை மறந்து விடுதிகளுக்குள் நுழைய வேண்டாம்; எட்டாம் ஹென்றியின் உருவம் நிற்கும் பழைய வாசலோடு நின்றுகொள்வதே மரியாதை. அடுத்த நிலையம் பார்பிகன். ‘செம்முடியோர் சங்கம்’ கதையில் இருவரும் நிலக்கீழ் ரயிலில் வந்து இறங்கும் ஆல்டர்ஸ்கேற் நிலையம் அதுதான், பெயர் மட்டும் 1968இல் மாறிவிட்டது.

பிறகு சேரிங் கிரொஸ். நோர்தம்பர்லாந்து வீதியில் ஹோம்ஸின் பெயரைத் தாங்கிய மதுச்சாலை ஒன்று 1957 முதல் இருக்கிறது. 1951ஆம் ஆண்டுப் பிரித்தானிய விழாக் கண்காட்சிக்காக அமைத்த ஹோம்ஸின் அறை அதன் மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் பாதுகாக்கப்படுகிறது. குடிக்காதவரும் சாப்பிடப் போகலாம், மச்சம் மாமிசம் விலக்கியவருக்கு உருளைக்கிழங்குப் பொரியலோடு திருப்திப்பட வேண்டிவரும். ஸ்ட்ராண்ட் வீதி வழியே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் லைசியம் அரங்கு. ‘நால்வரின் சின்னம்’ நாவலில் மேரி மோர்ஸ்டனுக்கு வரும் மொட்டைக் கடிதம், இரவு ஏழு மணிக்கு இவ்வரங்கின் வெளியே இடமிருந்து மூன்றாவது தூணருகே நிற்கச் சொல்கிறது. தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆறு தூண்கள் என்பதால், யாருடைய இடப்பக்கம் என்று கேட்டால் மூன்றாவது தூண் நடுவிலுள்ள இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். இந்த ஓர் இடத்துக்கு மட்டும் காலையில் போகாதீர்கள். புரட்டாதிக்குப் பின் இருள் சீக்கிரம் விழும் நாளில் ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள்.

அந்த நாவலைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. அதில் வரும் அந்தமான் தீவு மனிதனை டொயில் வரைந்திருக்கும் விதம், எங்கள் கடலின் மறுகரையில் வாழும் ஒரு மக்களைப் பற்றிய இழிவான சித்திரம். கதையை ரசிக்கும்போதும் அதைப் பார்க்காதது போலக் கடந்து போக முடியாது. பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த அத்தியாயங்களை முன்கூட்டியே படித்துவிட்டு, பேசத் தயாராகப் போவது நல்லது.

கிரிக்கெட் பைத்தியம் உள்ளவருக்கு ஒரு சலுகை: ஐரீன் அட்லரின் செயின்ட் ஜோன்ஸ் வுட்டில்தான் லோர்ட்ஸ் மைதானம் இருக்கிறது, ஜுபிலி பாதையில் பேக்கர் வீதிக்கு அடுத்த நிலையம். டொயில் அந்த மைதானத்துக்குரிய எம்.சி.சி. கழகத்தின் அணிக்காக முதல்தர ஆட்டங்கள் ஆடியவர். முதல்தர ஆட்டத்தில் அவர் வீழ்த்திய ஒரே ஒரு விக்கெட், அக்காலத்துப் பெரும் துடுப்பாட்டக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸுடையது.

விட்டுவிடக்கூடியவை

டொயில் பிறந்த எடின்பரோவில் பிக்கார்டி பிளேஸில் ஒரு ஹோம்ஸ் சிலையும், ஹோம்ஸுக்கு முன்மாதிரியாக இருந்த டொக்டர் ஜோசப் பெல் பற்றிய பொருட்கள் சத்திரசிகிச்சையாளர் அருங்காட்சியகத்திலும் உண்டு. லண்டனிலிருந்து ரயிலில் நாலரை மணித்தியாலம். அங்கே வீடும் உறவும் இல்லாதவர் முதற்பயணத்தில் விட்டுவிடலாம். ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’ நடக்கும் டார்ட்மூர் மேட்டுநிலம் அதைவிடச் சிறப்பானது, ஆனால் கார் இல்லாமல் போக வேண்டாம். பிரின்ஸ்டவுனுக்குத் தெற்கே உள்ள சதுப்புநிலம்தான் கதையின் பயங்கரச் சேற்றுக்கு அடிப்படை என்பார்கள், அது இன்றும் ஆளை விழுத்தக்கூடியது.

சுவிஸ்: நீர்வீழ்ச்சிக்கு ஒரு பகல்

பேர்ணிலோ சூரிச்சிலோ உறவு இல்லாத யாழ்ப்பாணக் குடும்பம் அரிது என்பதால் இந்தத் தரிப்பு பலருக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பேர்ணிலிருந்து இன்டர்லாக்கன் ஓஸ்ட் வரை ஒரு ரயில், அங்கே மாறி மைரிங்கன் வரை இன்னொன்று. காலையில் புறப்பட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். 1893 டிசம்பரில் வெளியான ‘இறுதிச் சிக்கல்’ கதையில், 1891 மே 3ஆம் திகதி மைரிங்கனில் தங்கும் ஹோம்ஸும் வொட்சனும் மறுநாள் ரைகன்பாக் நீர்வீழ்ச்சிக்குப் போகிறார்கள். அங்கே தம் பரம எதிரியான பேராசிரியர் மொறியார்ட்டியோடு ஹோம்ஸ் விழுந்து மடிந்தார் என்று பத்து வருடங்கள் வாசகரை நம்ப வைத்திருந்து, 1903இல்தான் டொயில் அவரை உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தார்.

ஊருக்குள் 1988இல் வைத்த ஹோம்ஸ் சிலையும், பழைய ஆங்கிலத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் 1991இல் திறந்த சிறு அருங்காட்சியகமும் ஒரு மணித்தியாலத்தில் முடியும். மீதி நேரம் அருவிக்கு. 1899இல் அமைத்த கம்பியிழுவை ரயில் மேலே கொண்டுபோய் விடும், ஆனால் அது கோடைப் பருவத்தில் மட்டுமே ஓடும். திகதிகளைப் பார்க்காமல் மார்கழியில் போனால் கீழே நின்று திரும்ப வேண்டும். மின் உற்பத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவதால் குளிர்காலத்தில் அருவியும் மெலிந்துவிடும். பனி உருகும் மே, ஜூன் மாதங்களில்தான் கதையில் வரும் அந்த இரைச்சல் கேட்கும். பாறை விளிம்பில் இருவரும் கட்டிப் புரண்ட இடத்தை ஒரு வெள்ளை நட்சத்திரம் காட்டுகிறது. பார்வை மேடையிலிருந்து அது எதிர்ப்பக்கத்தில் தெரியும். பக்கத்தில் போகும் பாதை ஈரமானது, செருப்போடு போகாதீர்கள்.

போலிக் கடிதத்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட வொட்சன் மூச்சிரைக்க ஓடிவந்து, பாறையில் சாத்தியிருந்த மலையேறும் தடியையும், வெள்ளி சிகரெட் பெட்டியின் கீழே நண்பர் எழுதி வைத்திருந்த மூன்று தாள்களையும் காணும் பகுதியை அங்கே நின்று வாசியுங்கள். தாளைக் கைத்தொலைபேசியில் அல்லாமல் அச்சிட்டு, நனையாத உறைக்குள் கொண்டுபோங்கள். சாரல் மேடை வரை வரும். வாசிப்பதற்கு இருபது நிமிடம் போதும். இறங்கும் கடைசி வண்டியின் நேரத்தை ஏறும்போதே கேட்டுக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.